எதிர்மரை

பெரியபட்டினம்
4 ஜூன் 2023

ஃபஹதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் கூடப்பிறந்த ராத்தா இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் நம்பரை நான் தடுத்து வைத்தது வைத்ததுதான். வாப்பாவின் ஜனாஸா அடக்கத்துக்கு வராத நீ, மூன்றாம் நாள் போன் போட்டு, "அந்தப் பழைய வண்டியத் தள்ளி விட்ருங்க ராத்தா, வாசல அடைச்சுக்கிட்டு நிக்கும்" என்றாய். உன் குரலைக் கேட்டால் கத்துவேன். நான் கத்தினால் தெருவே எட்டிப் பார்க்கும். அதனால் எழுதுகிறேன்.

வண்டி விஷயம்தான். உன் மச்சான் வாப்பாவின் அந்த ஃபார்கோ பிக்கப்பில்தான் இப்போது ராமேசுவரம் போய் நண்டு ஏற்றி வருகிறார். எங்கள் சோறு அதில்தான் இருக்கிறது. ஆனால் சக்கரத்து டிஸ்க் நான்கையும் உப்புக்காற்று தின்றுவிட்டது. இரண்டில் விரிசல். இந்த வண்டிக்குப் புது டிஸ்க் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. உன் மச்சான் ராமநாதபுரத்தில் நாலு ஜீப் சக்கரம் வாங்கி வந்து இறக்கினார். "அதுலயும் அஞ்சு போல்ட்டு, இதுலயும் அஞ்சு ஓட்ட. அஞ்சுக்கு அஞ்சு சரியாப் போச்சுல்ல?" என்று பெருமை வேறு. மாட்டப் போனால் ஒன்றுகூட நுழையவில்லை. நான் நூல் பிடித்து அளந்தேன். நம் வண்டியில் ஐந்து போல்ட்டும் நிற்கிற வட்டம் நாலரை அங்குலம். ஜீப் சக்கரத்தின் வட்டம் ஐந்தரை. எண்ணத் தெரிந்தவருக்கு அளக்கத் தெரியவில்லை.

ராமநாதபுரத்தில் லேத் வைத்திருக்கும் நாகேந்திரன் ஒரு வழி சொல்கிறார். கனமான இரும்புத் தட்டு கடைந்து, உள்வட்டத்தில் பழைய போல்ட்டுகளுக்கு ஐந்து ஓட்டை, வெளிவட்டத்தில் புதுப் போல்ட் ஐந்து வைப்பாராம். ஜீப் சக்கரம் அதில் உட்கார்ந்துவிடும். போல்ட் மட்டும் நல்லதாக வேண்டும் என்கிறார். நீ ஷார்ஜாவில் சக்கரக் கடையில்தானே இருக்கிறாய். இருபது போல்ட்டும் நட்டும் அனுப்ப முடிந்தால் அனுப்பு. முடியாவிட்டால் அதையும் எழுது.

நம் தெரு காஜா நவாஸ் பெட்டி தூக்கிக்கொண்டு மாதத்துக்கு இரண்டு தடவை துபாய் போய் வருகிறார். அவர் கையில் கொடுத்துவிடு.

மலிகா


ஷார்ஜா
19 ஜூன் 2023

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ திட்டி எழுதியதைக்கூட நாலு தடவை படித்தேன்.

முதலில் ஜனாஸா. கம்பெனி மாறி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, பாஸ்போர்ட் ஆபீசில் மாட்டிக்கொண்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் முதலாளி காலில் விழுந்தாவது வாங்கியிருக்கலாம். அடக்கம் முடிந்த பிறகு போய் என்ன பிரயோசனம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாப்பா இல்லாத வீட்டுக்குள் நுழையப் பயந்தேன், ராத்தா. வண்டியை விற்கச் சொன்னதும் அந்தப் பயத்தில்தான். என்னை மன்னித்துவிடு.

இனி போல்ட். இருபதும் நட்டும் இந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன. நான் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கியவை. நாகேந்திரன் சொல்கிற தட்டு சரியான யோசனைதான். அரை அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டும் என்று சொல்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேள். நம் வண்டியின் இடது பக்கச் சக்கரங்களுக்கு எதிர்மரை என்பது உனக்குத் தெரியும். மற்ற வண்டிகளில் நட்டை வலப்பக்கம் திருப்பினால் இறுகும். நம் வண்டியின் இடது பக்கத்தில் மட்டும் இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். எது சொன்னாலும் நீ மறுத்துப் பேசுகிறாய் என்று வாப்பா உன்னையே "ஏ எதிர்மரை" என்றுதானே கூப்பிடுவார்! நான் அனுப்பியிருப்பது இருபதும் நேர்மரை. எதிர்மரை இங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் இனிமேல் நாலு சக்கரத்துக்கும் ஒரே திருப்புதான். பழைய பழக்கத்தில் இடது பக்கத்தை மாற்றித் திருப்பினால் இறுகாது, கழன்றுவிடும். நம் வீட்டில் எல்லோருக்கும் கை அப்படியே பழகிக் கிடக்கிறது.

வேறெதற்கும் வேண்டாம், புரிந்தது என்று இந்த ஒரு வரிக்காவது பதில் எழுது.

உன் தம்பி
ஃபஹத்


பெரியபட்டினம்
24 ஜூலை 2023

ஃபஹதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். செய்தி உனக்கு வந்திருக்கும். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நண்டு ஏற்றிக்கொண்டு திரும்புகையில் அக்காள்மடத்தில் வண்டியின் இடது முன்சக்கரம் கழன்று ஓடிவிட்டது. வண்டி சாய்ந்து பனையில் மோதி, உன் மச்சானின் கால் உள்ளே மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. மதுரையில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் கால் ஊன்றக் கூடாதாம். கழன்ற சக்கரம் உருண்டு போய் ஒரு டீக்கடை பெஞ்சில் இடித்து நின்றதாம். அந்த நேரம் பெஞ்சில் ஆள் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். இன்னும் பத்து நிமிஷம் ஓடியிருந்தால் பாம்பன் பாலத்தின் மேல் இருந்திருப்பார். 

எல்லாம் அந்த லேத்துக்காரர் பார்த்த வேலை. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். "தட்டு அப்புடியே இருக்குக்கா, போல்ட்டும் அப்புடியே இருக்கு. அஞ்சு நட்டத்தான் காணோம்" என்றார். உன் மச்சான் வலியோடு எழுந்து உட்கார்ந்து, "அப்ப நீ ஒழுங்கா இறுக்கல. வெளிய போய்யா" என்று கத்திவிட்டார். படுக்கையில் இருந்தபடியே பிக்கப் டிரைவர்கள் வாட்ஸப் குரூப்பில் வண்டி கிடக்கிற படத்தைப் போட்டு, இந்த லேத்துக்கு யாரும் போகாதீர்கள் என்று பேசி அனுப்பினார். கால் தேறி எழுந்ததும் போலீசுக்கும் போகப் போகிறாராம். போகட்டும் என்றுதான் நானும் சொன்னேன்.

எங்கள் பக்கம் ஒரு குறையும் வைக்கவில்லை. ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டையும் ஒரு தடவை இறுக்கிவிடச் சொல்லியிருந்தார் நாகேந்திரன். அன்று காலையில் உன் மச்சான் ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது நானே ஸ்பானரைப் போட்டேன். வாப்பா செய்கிற மாதிரியே ஸ்பானர் கம்பி மேல் ஏறி நின்று, ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு மிதி. வலது பக்கம் நேர்த் திருப்பு, இடது பக்கம் எதிர்த் திருப்பு. எதையும் மறக்கவில்லை. இடது பக்கத்தில் ஒவ்வொரு மிதிக்கும் கடக் கடக்கென்று சத்தம்கூட வந்தது. அவ்வளவு இறுக்கமாக வைத்தேன். அதற்குப் பிறகும் கழன்றால் அது தட்டின் குற்றம்தானே?

இதையும் சொல்லிவிடுகிறேன். பொட்டலத்தில் போல்ட்டை எடுத்துக்கொண்டேன். உன் கடிதத்தை இன்னும் பிரிக்கவில்லை. அலமாரியில் துணிக்கு அடியில் கிடக்கிறது. மன்னிப்பு கேட்டிருப்பாய். அதைப் படிக்க இப்போது மனசில்லை.

மலிகா


ஷார்ஜா
2 ஆகஸ்ட் 2023

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மச்சான் உயிரோடு இருக்கிறாரே, அது போதும்.

அந்தக் கடிதத்தைப் பிரிக்காதே. அதில் என் புலம்பலைத் தவிர ஒன்றுமில்லை. அடுப்பில் போட்டுவிடு. உண்மையாகத்தான் சொல்கிறேன், இன்றைக்கே போட்டுவிடு.

நாகேந்திரன் மேல் போலீசுக்கெல்லாம் போக வேண்டாம் என்று மச்சானிடம் சொல். இரும்பு வேலையில் ஆயிரம் நடக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. நடந்தது நடந்துவிட்டது. அதைக் கிளற வேண்டாம்.

உன் தம்பி
ஃபஹத்


பெரியபட்டினம்
14 ஆகஸ்ட் 2023

ஃபஹத்,

பிரிக்காதே என்று யாரிடம் எழுதுகிறாய்? உன் கடிதம் கைக்கு வந்த அரை மணி நேரத்தில் அலமாரியைத் திறந்துவிட்டேன்.

இரண்டாம் பக்கத்தைப் படித்தபோது அடுப்பில் மீன் கருகியது. கருகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடக் கடக் சத்தம் என்ன என்று இப்போது புரிகிறது. நாகேந்திரன் இறுக்கி வைத்திருந்ததை நான் ஏறி நின்று ஒவ்வொன்றாக விடுவித்திருக்கிறேன். என் கணவர் காலை நான் ஒடித்திருக்கிறேன். 

ஜூலை முதல் வாரமே உன் கடிதம் வீட்டுக்கு வந்துவிட்டது. பத்து நாள் இருந்தது எனக்கு. துணி எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டது. தம்பி கொஞ்ச நாள் தவிக்கட்டும் என்று வேண்டுமென்றே தள்ளி வைத்தேன்.

நாகேந்திரனிடமும் நேற்று போய்க் கேட்டேன், எதற்குக் கேட்கிறேன் என்று சொல்லாமல். நட்டு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று. அவர் விழித்தார். "எல்லா வண்டியும் மாதிரித்தானக்கா இப்ப இதுவும் ஆயிருச்சு. அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஊரில் வேறு யார் ஸ்பானரைப் போட்டிருந்தாலும் சரியாக இறுக்கியிருப்பார்கள். வாப்பா பிள்ளைக்குத்தான் இந்தப் புத்தி போகும்.

அவருடைய லேத் பட்டறையில் மூன்று வாரமாக ஒரு வண்டி நிற்கவில்லை. போன வாரம் அவர் மனைவி செவ்வந்தி ஆரஞ்சுப் பழத்தோடு நம் வீட்டுக்கு வந்து, உன் மச்சானின் கட்டில் கால்மாட்டில் நின்று அழுதாள். "அவரு கையில தப்பு நடந்துபோச்சுண்ணே. எங்களுக்கும் பிள்ளைக இருக்கு, பொறுத்துக்கங்க" என்றாள். அன்றைக்கு எனக்கும் விஷயம் தெரியாது. நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்றைக்கு அந்த முகத்தை எங்கே கொண்டு போய் வைப்பது?

இன்னும் உன் மச்சானிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும். 

உன்னிடம் ஒரு கேள்வி. சக்கரம் கழல்வதற்கு முந்தின இரண்டு வாரத்தில் நீ உன் மச்சானிடம் இரண்டு தடவை போனில் பேசியிருக்கிறாய். அவரே சொன்னார். என் நம்பர்தானே தடுத்திருந்தது. அவர் நம்பர் இல்லையே. மரை மாறியிருக்கிறது என்ற ஒரு பேச்சை அவரிடம் ஏன் சொல்லவில்லை?

மலிகா


ஷார்ஜா
25 ஆகஸ்ட் 2023

அன்புள்ள ராத்தாவுக்கு,

நீ கேட்பாய் என்று தெரியும். அதனால்தான் அடுப்பில் போடச் சொன்னேன். உன்னைக் காப்பாற்ற என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைக் காப்பாற்றவும்தான்.

மச்சானிடம் பேசும்போது இரண்டு தடவையும் அது நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லிவிட்டால் நீ என் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். ஐந்து மாதமாக உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. போல்ட்டுக்காக எழுதினாய், அதிலும் திட்டு. இந்த ஒரு வரிக்காவது ராத்தா பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்று அதை உனக்கென்று பிடித்து வைத்திருந்தேன். பதில் வரவில்லை, வரவில்லை என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். படித்துவிட்டுப் பிடிவாதமாக இருக்கிறாய் என்று நினைத்தேன். பிரிக்காமலே வைத்திருப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கே தினமும் நாற்பது சக்கரம் மாட்டுகிறேன். ஒவ்வொரு வண்டிக்காரனிடமும் "ஐம்பது கிலோமீட்டர் போனதும் இறுக்குங்க" என்று கைநீட்டிச் சொல்கிறேன். என் வீட்டு வண்டிக்குச் சொல்லவில்லை. மச்சானின் காலை நீ ஒடிக்கவில்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒடித்தோம்.

ஒரு வழி சொல்கிறேன், கேட்கிறாயா? பழி முழுவதையும் என் மேல் போடு. தம்பி தப்பான நட்டு அனுப்பிவிட்டான், மரை சேரவில்லை, அதனால்தான் கழன்றது என்று மச்சானிடம் சொல். குரூப்பிலும் அதையே போடச் சொல். நாகேந்திரனும் தப்பிப்பார், நீயும் தப்பிப்பாய். நான் இங்கே இருக்கிறேன், என்னை யார் என்ன செய்ய முடியும்? மச்சான் என்னோடு பேசாமல் போனால் போகட்டும். உன் குடும்பம் நிற்க வேண்டும்.

இதையாவது எனக்குச் செய்ய விடு.

ஃபஹத்


பெரியபட்டினம்
17 செப்டம்பர் 2023

அன்புள்ள ஃபஹதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் வழி எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன், இரண்டு நாள் அதையே மனசில் ஒத்திகை பார்த்தேன். தம்பி தலையில் போட்டுவிட்டால் எவ்வளவு சுலபம்! பிறகு யோசித்தேன். தப்பான நட்டு என்று சொன்னால், அதைப் பார்த்து மாட்டியவர் யார்? நாகேந்திரன். லேத் வைத்திருப்பவருக்கு நட்டு சேருகிறதா என்று தெரியாதா என்று அடுத்த நிமிஷமே கேட்பார்கள். நம் வீட்டுப் பொய் எந்தப் பக்கம் உருண்டாலும் அந்த மனிதர் மேல்தான் போய் நிற்கிறது.

இந்த மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம், வீட்டில் யாரும் இல்லாதபோது உன் மச்சானிடம் சொன்னேன். கடிதம் வந்த தேதி, நான் பிரிக்காமல் வைத்தது, ஏறி மிதித்தது, எல்லாம். அவர் என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "தெரியும். ஆஸ்பத்திரியில படுத்த மூணாம் நாளே தெரியும். நீ இடது பக்கம் நின்னு மிதிச்சத நாந்தானே பார்த்தேன். புதுப் போல்ட்டு எல்லாம் நேர்மரைன்னு அப்பத்தான் உறைச்சுது. வேற எப்புடிக் கழலும்?"

 "அப்ப அந்த மனுசன் மேல ஏன் பழியப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"பின்ன? பொண்டாட்டி நட்டு முறுக்குன வண்டியில போய்க் கால ஒடிச்சுக்கிட்டு வந்தான்னு ஊர்ல சிரிக்கவா? கல்யாணம் ஆன நாள்லருந்து உங்க வீட்ல இருக்கேன். உங்க வாப்பா வண்டியத்தான் ஓட்டுறேன். மிச்சம் இருக்கது இந்தப் பேரு ஒண்ணுதான் மலிகா."

பாவமாகத்தான் இருந்தது. இவ்வளவு வருஷமாக இதை அவர் மனசில் வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கோபமும் வந்தது. அவர் பேரைக் காப்பாற்ற அந்த மனிதரின் பேரை எடுத்துக்கொண்டார். நீ என்னைக் காப்பாற்றக் கடிதத்தை எரிக்கச் சொன்னாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். நாம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் நன்றாகக் காப்பாற்றிக்கொண்டோம்.

அவர் போனிலேயே அந்த டிரைவர் குரூப்பைத் திறந்து நான் பேசி அனுப்பினேன். "நான் ஹசன் அலி வீட்டுக்காரி மலிகா பேசுறேன். அக்காள்மடத்துல எங்க வண்டிச் சக்கரம் கழண்டதுக்கு லேத் நாகேந்திரன் காரணமில்ல. அவரு சரியாத்தான் மாட்டிக் குடுத்தாரு. நாந்தான் பழைய பழக்கத்துல எதிர்ப் பக்கம் திருப்பிக் கழட்டி விட்டுட்டேன்." அவ்வளவுதான் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் சிரிப்புப் படமாக வந்து விழுந்தது. 'மரை கழண்டது யாருக்கு' என்று ஒருவர் எழுதியிருந்தார். உன் மச்சான் அதைப் பார்த்தார். மறுநாள் ஆட்டோ வரவழைத்து, ஊன்றுகோலோடு மண்டபத்தில் அவர் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். நான் தடுக்கவில்லை. அழுதேன், அது வேறு.

அன்றைக்கு மத்தியானமே நாகேந்திரன் வீட்டுக்குப் போனேன். அவரை அந்தக் குரூப்பிலிருந்து அப்போதே நீக்கிவிட்டார்களாம். அதனால் அவருக்கு ஒன்றும் தெரியாது. பட்டறை பூட்டிக் கிடந்தது. வீட்டு வாசலில் ஒரு பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நட்டை முறுக்கி முடித்தார். மறுபடி ஸ்பானரைப் போட்டார். மறுபடியும் போட்டார். நான் நின்றதைக்கூடப் பார்க்கவில்லை.

சொன்னேன், ஃபஹத். ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நான் இறுக்குனேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சுக்கா. ஆனா எல்லாரும் சொல்லச் சொல்ல, அந்த ஒரு வீல மட்டும் விட்டுட்டமோன்னு எனக்கே தோணிப்போச்சு. இப்ப எத முறுக்குனாலும் முறுக்குனேனான்னு தெரிய மாட்டேங்குது" என்றார்.

என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் வீட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அக்கா, ஒரு உதவி. இப்ப எங்கிட்டச் சொன்னத உள்ள போய்ச் செவ்வந்திகிட்டயும் சொல்லிட்டுப் போங்க. நான் எத்தனையோ தடவ சொல்லிப் பார்த்துட்டேன். அவ நம்பல."

செவ்வந்தி அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் முன்னால் நின்று எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் ஈரக் கையோடு என்னைத் தாண்டி வாசலுக்குப் போய், அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

மலிகா